மதிப்புரை எழுதப்போகும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

தோழியின் சிறுகதைத் தொகுப்புக்கு மதிப்புரை கேட்டிருக்கிறார்கள், குறை சொன்னால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று தயங்குகிறாய். பூசி மெழுகாமல் எழுதும்மா. ராப்பகலாக உழைத்துப் புத்தகம் போட்டவளுக்கு "அருமை, வாழ்த்துகள்" என்று நாலு வரி எழுதுவது அவளை மதிக்காததற்குச் சமம்.

இப்போதெல்லாம் விமர்சனம் என்றாலே திட்டு என்று ஆகிவிட்டது. எனக்கு அது பெரிய ஆதங்கம். நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் ஒரு நூலில் வரக்கூடாத பத்துக் குற்றங்களைச் சொன்ன கையோடு, இருக்கவேண்டிய பத்து அழகுகளையும் சொல்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்தாயே, அதே சூத்திரங்கள்தான். பரீட்சையோடு மறந்துவிடுகிறோம்.

நீ அனுப்பிய தொகுப்பைப் படித்தேன். அந்தக் கிணறு தூர்வாரும் கதையையே எடுத்துக்கொள். சேற்று வாளியை இழுக்கிறவன் உள்ளங்கையைக் கயிறு அறுக்கிற இடம் அப்படியே கண்முன் நிற்கிறது. நன்னூல் சொல்லும் 'விளங்க வைத்தல்' அதுதான். அந்த வரியை மதிப்புரையில் எடுத்துப் போடு. ஆனால் ஐந்தாம் பக்கத்தில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை நுழைகிறது, கிணறு காணாமல் போகிறது. சொல்லவந்ததை விட்டு வேறொன்றை விரிக்கிற அந்தக் குற்றத்துக்கு நன்னூலில் 'மற்றொன்று விரித்தல்' என்று பெயர். கடைசிப் பக்கம் 'சென்று தேய்ந்து இறுதல்', போகப்போக வலுவிழந்து முடிகிற குற்றம். "கதை பிடிக்கவில்லை" என்று எழுதினால் அவள் அழத்தான் முடியும். ஐந்தாம் பக்கம் என்று சொன்னால், அதை எடுத்துத் திருத்திப் பார்ப்பாள்.

எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959-ல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியதே விமர்சனத்துக்கு ஓர் இடம் வேண்டும் என்றுதான். ஆதாயம் பார்க்காமல் 1970 வரை இழுத்துப் பிடித்து நடத்தினார். புதுக்கவிதையும் அங்கேதான் வேர்பிடித்தது. கறாராகப் படிக்க ஆள் இருந்த இடத்தில் புதிதாக எழுதவும் ஆள் வந்தது.

ஒன்று மட்டும் கவனம். அவள் குடும்பம், வேலை, யாரோடு பழகுகிறாள் என்பதெல்லாம் மதிப்புரைக்குள் வரவே கூடாது. உனக்குத் தெரிந்திருப்பதால் கை தானாக அங்கே போகும்.

அச்சுக்குப் போகுமுன் அவளுக்கு ஒரு போன் போட்டு, இன்னின்னது எழுதியிருக்கிறேன் என்று நீயே சொல்லிவிடு. பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்ள விடாதே. கோபித்துக்கொண்டால் நாலு நாள் பொறுத்து மறுபடி கூப்பிடு.

அன்புடன்,
அப்பா