எல்லா ராஸ்பெரித் தண்டையும் வெட்டாதீர்கள்

ஆசிரியருக்கு,

சென்ற வாரத் தோட்டப் பக்கத்தில், ஏப்ரலில் ராஸ்பெரியைத் தரையோடு வெட்டிவிடச் சொல்லியிருந்தீர்கள். இலையுதிர் காலத்தில் காய்க்கும் ரகத்துக்கு அது சரி. ஆனால் டொராண்டோப் பக்கம் பின்வளவுகளில் நிற்கும் ஜூலை ரகம் போன வருடத் தண்டில்தான் காய்க்கும், அதையும் வெட்டினால் இந்தக் கோடையில் பழமே கிடையாது. பட்டை உரிந்து, சாம்பல் நிறமாகி, வளைத்தால் படக்கென்று முறிகிறதே, அதுதான் காய்த்து ஓய்ந்த தண்டு. அதை மட்டும் எடுத்தால் போதும்.

ஸ்ட்ராபெரிமேல் போட்ட வைக்கோலைத் துளிர் தெரிந்ததும் விலக்கலாம், ஆனால் பக்கத்திலேயே கிடக்கட்டும், மே நடுப்பகுதி வரைக்கும் இரவில் உறைபனி விழலாம், பூவின் நடு கறுத்தால் அதில் பழம் பிடிக்காது. அப்புறம், நாலு நாள் வெயிலை நம்பிக் கத்தரி நாற்றை வெளியே வைக்கிறவர்களுக்கும் ஏதாவது எழுதுங்கள்.

ஸ்காபரோ வாசகர்