பொடி டப்பாவோடு வந்த கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

பார்சலில் பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் வைத்திருக்கிறேன். ஊறுகாய் டப்பாவை நிமிர்த்தியே வை, எண்ணெய் கசியும். இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. போனில் என்றால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். இதை நீ நடுவில் வெட்ட முடியாது.

ஆன்லைனில் வாங்கிய புதுக் கிட்டாரில் ஒரு கோடு இருக்கிறது, திருப்பி அனுப்பலாமா வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். என்னிடம் கேட்டாய், அக்காவிடம் கேட்டாய், அப்பாவிடமும் கேட்டிருக்கிறாய். மாப்பிள்ளைக்குக்கூடப் படம் வந்ததாம். பெங்களூரில் உன்னோடு இருக்கிற பையன்களை எல்லாம் கேட்டு முடித்துவிட்டுத்தான் எங்களிடம் வந்திருப்பாய். சின்ன வயதில் சட்டை எடுக்கப் போனால் கடைக்காரரிடம் "இது நல்லா இருக்கா" என்று ஒரு தடவைகூடக் கேட்காத பையன் நீ. நீயே எடுத்து, நீயே போட்டுக்கொண்டு, பில் போடும் இடத்தில் நிற்பாய்.

படம் நன்றாக விழுந்திருந்தது. செவ்வாய்க்கிழமை அனுப்பியதும் சரி, வியாழக்கிழமை அனுப்பியதும் சரி. ஜன்னல் வெயில் நேராகக் கிட்டார் மேல் அடித்ததால் அந்தக் கோடு பளிச்சென்று தெரிந்தது. கீழ் வளைவில், ஓரப்பட்டைக்கு ஒரு விரல் தள்ளி, அரிசி மணி நீளத்தில் வெள்ளையாக ஒரு கோடு. பக்கத்திலேயே பாலிஷ் கொஞ்சம் தேங்கிக் கட்டியான மாதிரி ஒரு புள்ளி. சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்துகிற கிட்டார் மாஸ்டர் அப்பாவைப் பார்க்க வந்திருந்தார். அவரிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கோடு மரத்தின் ரேகையோடு சேர்ந்து ஓடினால் பயப்பட வேண்டும், அது விரிசலாக இருக்கலாம். ரேகைக்குக் குறுக்கே போனால் பெரும்பாலும் மேல் பூச்சோடு நிற்கிற கீறல்தான். உன் படத்தில் குறுக்கேதான் போகிறது. இருந்தாலும் நகத்தை வைத்து இழுத்துப் பார்க்கச் சொன்னார். நகம் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால் மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நடு ஓட்டை வழியாகப் போன் டார்ச்சை உள்ளே அடித்து, ஒரு சின்னக் கண்ணாடியை விட்டு, அதே இடம் உள்பக்கம் எப்படி இருக்கிறது என்று பார். உள்ளே சுத்தமாக இருந்தால் அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

ஆனால் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் பார்க்க வேண்டியதை விட்டுவிடுவோம் என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்தது. ஆறு கம்பியையும் சுருதி சேர்த்து முறுக்கினால் 70 கிலோவுக்கு மேல் இழுக்குமாமே! அவ்வளவு இழுப்பும், கம்பிகளின் அடிமுனையைப் பிடித்துக்கொண்டு பசையில் ஒட்டியிருக்கிற அந்தப் பிரிட்ஜ் மேல்தான். பின்பக்கமாக அதன் அடியில் ஒரு மெல்லிய காகிதத்தை நுழைத்துப் பார். காகிதம் உள்ளே போனால் யோசிக்கவே யோசிக்காதே, அன்றைக்கே அனுப்பிவிடு. அப்புறம் ஒவ்வொரு கம்பியிலும், கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற கட்டைகளில் முதல் கட்டையிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டிப் பார். எங்கேயாவது 'ஜிர்ர்' என்று இரைந்தால் எந்த இடம் என்று குறித்து வை. பன்னிரண்டாவது கட்டையில் அழுத்தி வாசிக்கிற ஸ்வரமும், அதே இடத்தில் விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்தால் வருகிற ஸ்வரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அங்கே தடித்த கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி. அதற்கு மேல் ரொம்ப இருந்தால் உன் விரல்தான் புண்ணாகும். கழுத்து லேசாக வளைந்திருந்தால் கழுத்துக்குள்ளே இருக்கிற இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாமாம், அது குறையில்லை. என் வீணைக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது. மெட்டுக் கட்டை இருபத்து நாலும் மெழுகில் உட்கார்ந்திருக்கிறது, சித்திரை வெயிலில் ஒன்று அசைந்தாலும் மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுருதிக்குச் சரியாக மறுபடி உட்கார வைக்க, ஆளைத் தேடிக்கொண்டு ஓட வேண்டும்.

என் வீணை என்றதும் ஞாபகம் வருகிறது. குடத்தின் ஓரத்தில் ஒட்டுப் போட்ட இடம் உனக்குத் தெரியும், சின்னதில் நீ அதைத் தடவிக்கொண்டேதான் தூங்குவாய். பலா மரத்தில் முடிச்சு இருந்த இடத்தைத் தோண்டி எடுத்துவிட்டு வேறு துண்டு வைத்திருந்தார் பட்டறைக்காரர். நான் வாங்கும்போது அந்தத் துண்டு மட்டும் மஞ்சளாக, பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிற மாதிரித்தான் இருந்தது. வேறு வேண்டுமானால் ஒரு மாதம் கழித்து வாங்க என்றார். நான் சாரணியை, அதுதான் முதல் கம்பியை, ஒரு தடவை மீட்டினேன். நாதம் அப்படி நின்றது. இதையே கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். பலா மரம் வருஷம் ஆக ஆகக் கறுக்கும். இப்போது புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒட்டு எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரியாது. உன் கிட்டாரின் மேல் பலகை ஸ்ப்ரூஸ் மரம், அதுவும் இப்போது வெளுப்பாக இருந்தாலும் வருஷம் போகப் போகத் தேன் நிறத்துக்கு வருமாம். ஆனால் உன்னுடையது பாலியூரித்தேன் பூச்சு என்பதால் அந்தக் கோடு தானாக மறையாது, டச்சப் செய்தாலும் உற்றுப் பார்த்தால் தெரியும் என்றார் மாஸ்டர். அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு நீ என்னைக் குறை சொல்லக் கூடாது.

வில்லி நெல்சன் என்று அமெரிக்காவில் ஒரு பாட்டுக்காரராம். 1969-ல் வாங்கிய மார்ட்டின் கிட்டாரைத்தான் இத்தனை வருஷமாக வாசிக்கிறாராம். வாசித்து வாசித்தே அதன் மேல் பலகையில் பெரிய ஓட்டை விழுந்துவிட்டது, அதையும் மாற்றவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும், எனக்குத்தான் புதுசு. மாஸ்டர் இன்னொன்றும் சொன்னார். புதுக் கிட்டாரையே கம்பெனியில் வேண்டுமென்றே சுரண்டி, பாலிஷை உரித்து, பழசு மாதிரி ஆக்கி அதிக விலைக்கு விற்கிறார்களாம். அப்பா நம்பவே இல்லை. "பைத்தியக்காரத்தனம்" என்று எழுந்து போய்விட்டார்.

அப்பாவின் கட்சி வேறு. 28,000 ரூபாய் கொடுத்து வாங்குகிற புதுப் பொருளில் எதற்குக் கோடு இருக்க வேண்டும் என்கிறார். கூட்டுறவு சங்கத்தில் முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவர் அப்படித்தான் பேசுவார். 2020-ல் வந்த விதிப்படி, ஆன்லைனில் விற்கிறவன் குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் காட்டியபடி இல்லாத பொருளையோ திரும்ப வாங்க மாட்டேன் என்று சொல்ல முடியாதாம். அவர்கள் இழுத்தடித்தால் 1915-க்குப் போன் செய்யச் சொல்கிறார். பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுத்தாயா என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். திருப்பி அனுப்பாவிட்டாலும் கோட்டைக் காட்டி விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேள், சில பேர் தருவார்கள். கேட்பதில் வெட்கம் என்ன இருக்கிறது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருப்பது நம் வீட்டு வழக்கமாகப் போய்விட்டது.

சரி, என் அபிப்பிராயம். பிரிட்ஜ் சரியாக இருந்து, இரைச்சல் இல்லாமல் இருந்து, வாசித்தால் உனக்குப் பிடித்திருந்தால் வைத்துக்கொள். இதே கம்பெனியில் அடுத்து வருகிற கிட்டாரின் நாதம் இதைப் போலவே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, ஒவ்வொரு மரமும் வேறு. வாசிக்கிறவன் பார்வையில் அந்தக் கோடு படக்கூடப் படாது, அது உன் முழங்கைக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். நீ காலேஜில் ஆண்டு விழாவில் வாசித்த அன்றைக்கு நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாளிடம் மட்டும் "என் பையன்" என்றேன். அந்தக் கிட்டாரைத்தான் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தாய். இத்தனை வருஷம் கழித்து மறுபடி ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறாய், அதை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் எனக்கு.

வாசிக்க உனக்கு நேரம் கிடைக்கிறது என்பதும் சந்தோஷம்தான். முன்னாடியெல்லாம் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தாலும் "மீட்டிங்மா" என்பாய். இப்போது காலை பதினொரு மணிக்கு நீயே கூப்பிடுகிறாய். வீட்டிலிருந்து வேலை பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள், தினமும் பஸ்ஸில் தொங்க வேண்டியிருக்கிறது என்று நீதானே அலுத்துக்கொண்டாய்? மறுபடி மாற்றிவிட்டார்களா? செவ்வாய்க்கிழமைப் படத்தில் கட்டிலுக்குப் பின்னால் உன் ஆபீஸ் பை ஆணியில் மாட்டியிருந்தது. வியாழக்கிழமைப் படத்திலும் அதே ஆணியில், அதே மாதிரி, கழுத்து அட்டை வெளியே தொங்கிக்கொண்டு இருந்தது. அந்த மேஜையைக் கொஞ்சம் துடைத்து வைக்கக் கூடாதா? ஒரே தூசி.

கும்பகோணம் சித்தி வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாள். அவள் பையனுக்கு இப்போது ஓசூரில் நல்ல இடம், சித்திக்கு மாசாமாசம் பணம் அனுப்புகிறான். அவன் அந்த மூன்று மாசம் தினமும் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, பார்க்கில் உட்கார்ந்துவிட்டு வந்தானே, சித்தி இன்னும் அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுகிறாள். வேலை போனதற்கு அவள் ஒரு நாளும் அழுததில்லை. தினமும் காலையில் டப்பா கட்டிக் கொடுத்தது அவள் கைதானே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அப்பா அன்றைக்கு அவனைப் பற்றி என்னென்னவோ பேசினார். நீயும் ஹாலில்தான் இருந்தாய். அவர் பேசுவார் தம்பி. 1998-ல் சங்கத்தில் பிரச்சினை வந்தபோது இதே அப்பா எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியும், உன் அக்காவுக்கும் தெரியும். அதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

எங்கேயோ போய்விட்டேன். கிட்டார் விஷயத்துக்கு வருகிறேன்.

கோட்டுக்காகத் திருப்பி அனுப்புவதாக இருந்தால் அனுப்பாதே. ஆனால் பணம் கையில் இருந்தால் தேவலை என்று தோன்றினால், யோசிக்காமல் அனுப்பிவிடு. வாடகை இருக்கிறது, ஊரில் இல்லாத செலவெல்லாம் அங்கே இருக்கிறது. யாரும் எதற்கு என்று கேட்க மாட்டோம். கோடு இருந்தது, அனுப்பிவிட்டான், அவ்வளவுதான். அக்காவிடமும் நான் அப்படியே சொல்லிவிடுவேன். அதற்காகக் கிட்டாரே வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதே. ஆறு மாசம் கழித்து இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், கடை எங்கேயும் ஓடிவிடாது. இல்லை, பணம் ஒரு பிரச்சினையே இல்லை என்றால் வைத்துக்கொள், நான் முன்னால் சொன்னபடி. இரண்டில் எது என்று எனக்கு இங்கே இருந்து தெரியவில்லை. நீ கோட்டைப் பற்றி மட்டும்தான் கேட்கிறாய், நான் கோட்டுக்கு மட்டும்தான் பதில் சொல்ல முடியும்.

அனுப்புவதானால் கம்பியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு அனுப்பு, முழுசாக அவிழ்க்காதே. தலைப்பக்கம் ஆடாமல் இருக்கத் துணி வைத்து அடை. வந்த பெட்டியிலேயே போடு, அந்தப் பெட்டியைக் காயலான் கடைக்குப் போட்டுத் தொலைத்திருக்காதே. எடுத்துப் போகிறவனிடம் ரசீது வாங்கு. வைத்துக்கொள்வதானால் ஃபேனுக்கு நேர் கீழேயும் ஜன்னல் வெயிலிலும் வைக்காதே, அந்தப் படத்தில் வெயிலில்தான் கிடந்தது. மாஸ்டர் அதையும் கவனித்துவிட்டுச் சொன்னார்.

சீட்டு எடுத்தேன். கொஞ்சம் உன் கணக்கில் போட்டிருக்கிறேன், அப்பாவுக்குத் தெரியாது. பொங்கலுக்கு நீ எனக்குப் புடவைக்குக் கொடுத்த பணம்தான் என்று வைத்துக்கொள். எதற்கு என்று போன் செய்து கேட்காதே, அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறார்.

அக்காவின் கல்யாண நாளுக்கு நீ கூப்பிடவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு தடவை "தம்பி பேசினானா" என்று என்னைக் கேட்டாள். பேசிவிடு. ஆடிப்பெருக்குக்கு லீவு கிடைத்தால் வா. லீவு பிரச்சினை இல்லை என்றால் அதற்கு முன்னாலேயே வா, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. மாடி ரூமை ஒழித்துச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன், சும்மாதான் செய்தேன். வாசித்துக் காட்ட வேண்டுமானால் கிட்டாரையும் எடுத்துக்கொண்டு வா. வேண்டாம் என்றால் வெறும் கையோடு வா.

திருப்பி அனுப்பக் கடைசி நாள் என்றைக்கு என்று நீ சொல்லவே இல்லை. பில்லில் பார். அப்பா இன்னொன்றும் கேட்கச் சொன்னார்: பணம் கார்டில் கட்டினாயா, வங்கிக் கணக்கிலிருந்தா? கார்டு என்றால் திரும்ப வருவதற்குச் சில நாள் ஆகுமாம், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்.

அன்புடன்,
அம்மா