பேரன் பிடித்த மீன்

அன்புள்ள தம்பிக்கு,

நலம். போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்கிறாள், அதனால் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

சின்னவன் ஓடையில் பிடித்து ஜாம் பாட்டிலில் காட்டினானே ஒரு மீன், அதற்கு ஏன் ஸ்டிக்கிள்பேக் என்று பேர் என்று கேட்டான். பார்த்துவிட்டேன், படித்துக் காட்டு. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டிக்கெல்' என்றால் குத்துகிற முள். முள் முதுகன், அவ்வளவுதான். அந்தப் பேர் இங்கிலாந்துப் பிள்ளைகள் வாயில் டிட்டில்பேட் ஆகி, அதிலிருந்து டிட்லர் வந்திருக்கலாமாம், இப்போது எந்தப் பொடி மீனுக்கும் டிட்லர்தானாம். உயிரினங்களுக்கெல்லாம் அறிவியல் பேர் வைத்த லின்னேயஸ் 1758இல் இதற்கு வைத்த பேருக்கு 'எலும்பு வயிறு' என்று அர்த்தம். வாத்தியார் புத்தி, நோண்டாமல் விடாது.

நம் கெளுத்திக்கு முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒன்று. இதற்கு முதுகிலேயே மூன்று, வயிற்றடியில் இரண்டு. பெரிய மீன் விழுங்க வந்தால் விறைத்துக்கொள்ளுமாம். கெளுத்தி குத்தி நீ மோர்தானா கால்வாயில் போட்ட கூச்சலை உன் சித்தப்பா இன்னும் சொல்லிச் சிரிக்கிறான்.

இனி வருவதை அவனுக்குப் படிக்க வேண்டாம்.

பாசியைத் தன் உடம்பில் சுரக்கும் பசையால் ஒட்டிக் கூடு கட்டுவது ஆண் மீன். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அப்புறம் எல்லாம் அவன் பாடுதான். முட்டைக்குக் காற்று போக ராப்பகலாகத் துடுப்பால் தண்ணீரை விசிற வேண்டும், வழிதவறுகிற குஞ்சை வாயில் கவ்விக் கூட்டில் விட வேண்டும். படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பொங்கலுக்கு அப்புறம் மருமகள் முகத்தைப் போனில் பார்க்கவில்லை. நைட் டூட்டி என்கிறாய். சரி. பையனுக்கு நீதான் தலை வாரிவிடுகிறாய், நீதான் ஊட்டுகிறாய். நன்றாகத்தான் வளர்க்கிறாய். மீனை மறுபடி ஓடையிலேயே விட்டுவிட்டேன் தாத்தா என்றான், எவ்வளவு சுத்தமான தமிழ்! ஆனால் நீ இளைத்துவிட்டாய். ராத்திரி ரொட்டியோடு நிறுத்தாதே, சோறு வடித்துச் சாப்பிடு.

கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வருகிறேன் என்று சொல்லி, கடைசியில் லீவு இல்லை என்றுவிட்டாய். ஊரே குடியாத்தத்தில் இருந்தது, உன் அம்மா வாசலைத் தாண்டவில்லை. யார் கேட்டாலும் ஆடிக் கிருத்திகைக்கு வருவான் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

ஆடிக்கு வா. நீயும் சின்னவனும் மட்டும் வந்தாலும் வாங்க. உன் ஆயா உட்பட இங்கே யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள், நான் சொல்லி வைக்கிறேன். எந்த ரயில் என்று சொன்னால் காட்பாடிக்கு நானே வந்து நிற்பேன். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அப்பா