30-வது கிலோமீட்டரில் என்ன கொடுக்கப்போகிறீர்கள்?

மாரத்தான் ஏற்பாட்டுக் குழுவின் மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இந்த முறை 30-வது கிலோமீட்டர் பான மேசையில், அறிவித்த பானத்தை விட்டுவிட்டு வேறொன்றை வைத்தது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. புகார்கள் குவிந்தன என்று உங்கள் தன்னார்வலர்களே சொல்கிறார்கள். பதில்தான் வரவில்லை. ஆகவே எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். எந்தப் பானம், எந்த ஜெல் (ஓடும்போதே பிழிந்து விழுங்கும் சர்க்கரைப் பசை), எந்தக் கிலோமீட்டரில் என்பதைப் பந்தயத்துக்கு மூன்று மாதம் முன்பே அறிவியுங்கள். அறிவித்த பிறகு மாற்றாதீர்கள்.

இது நாக்கு ருசிக்காகப் பிடிக்கும் அடம் அல்ல. தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை பலருக்கு 30 கிலோமீட்டரை ஒட்டித் தீர்ந்துபோகிறது. அந்த நேரத்தைத் தள்ளிப்போட மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். இரண்டரை மணி நேரத்தைத் தாண்டி ஓடுகிறவர்கள் 90 கிராம் வரைகூடப் போகலாம். குளுக்கோஸை மட்டும் நம்பினால் குடல் ஏறக்குறைய 60 கிராமோடு கைவிரித்துவிடும். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸுக்குக் குடலில் வேறு வாசல் என்பதால், இரண்டும் கலந்தால்தான் அதற்கு மேல் ஏறும். இதையெல்லாம் வயிறு ஒரே நாளில் ஏற்காது. நீண்ட பயிற்சி ஓட்டங்களில் மாதக்கணக்கில் அதே பானத்தைக் குடித்துக் குடித்துத்தான் பழக்குகிறோம்.

நீங்கள் அறிவித்திருந்தது 100 மில்லிக்கு 6 கிராம் சர்க்கரை கொண்ட ஸ்போர்ட்ஸ் டிரிங்க். மேசையில் இருந்ததோ புதிய விளம்பரதாரரின் எனர்ஜி டிரிங்க்: 100 மில்லிக்கு 11 கிராம், கூடவே கஃபீன், போதாததற்கு வாயு. ஓடும்போது 6 முதல் 8 சதவீதச் சர்க்கரைக் கரைசல் வரை வயிறு தாங்கும். அதைவிட அடர்த்தியானது இறங்காமல் தேங்கி நிற்கும்.

தண்ணீரோ தீர்ந்துபோயிருந்தது. பாதி ஜெல்லை வாயில் பிழிந்துவிட்டு நீட்டிய என் கையில் ஒரு சிறுவன் அந்த டின்னைத் திணித்தான். ஜெல்லுக்குத் தண்ணீர்தான் துணை. சர்க்கரைப் பசையின் மேல் சர்க்கரைப் பானத்தை ஊற்றினால் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு முன்னால் ஓடியவரே சாட்சி. அடுத்த வளைவில் தடுப்புக் கம்பியைப் பிடித்துக் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். நான் குடிக்கவில்லை. அண்ணத்தில் ஒட்டிய பசையை எச்சிலால் கரைக்கப் பார்த்தபடி அடுத்த மேசைவரை ஓடினேன்; அந்த வேளையில் எச்சிலும் ஊறவில்லை. சிறுவன்மேல் குறையில்லை. கையில் கொடுத்ததைத்தானே அவன் நீட்ட முடியும்?

பதக்கத்தின் வடிவத்தை ஐந்து மாதம் முன்பே வெளியிட்டீர்கள். சட்டையின் நிறத்துக்கு வாக்கெடுப்புகூட நடத்தினீர்கள். வயிற்றுக்குள் போவது மட்டும் கடைசிவரை ரகசியம்! 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில், தாகம் உடலை என்ன செய்கிறது என்று பார்க்க ஆசைப்பட்ட ஏற்பாட்டாளர் ஜேம்ஸ் சல்லிவன் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்தார். 32 பேர் புறப்பட்டு 14 பேர்தான் முடித்தார்கள். வென்ற தாமஸ் ஹிக்ஸுக்கு வழியில் ஊட்டியது ஸ்ட்ரிக்னைன் என்ற நஞ்சு, முட்டை வெள்ளைக்கரு, பிராந்தி. அதற்காவது ஆராய்ச்சி என்றொரு பெயர் இருந்தது. எங்கள்மேல் நடந்ததற்கு என்ன பெயர்?

தண்ணீரை மட்டும் கூட்டி வைத்துக் கணக்கை முடித்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்தப் பரிசோதனைக்கு உட்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு இரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததே முக்கியக் காரணம். ஆகவே பானத்தில் உப்பு எவ்வளவு என்பதும் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

சரி, கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வேண்டுகோளுக்கு வருகிறேன். பானத்தின் பெயர், ஒரு கோப்பையில் உள்ள சர்க்கரை, சோடியம், கஃபீன் அளவு, மேசை இருக்கும் இடம் ஆகிய விவரங்களைத் தயவுசெய்து மூன்று மாதம் முன்பே வெளியிடுங்கள். எல்லா மேசைகளிலும் கடைசி ஓட்டக்காரர் கடக்கும்வரை வெறும் தண்ணீர் தனியாக இருக்கட்டும். விளம்பரதாரர் மாறித்தான் தீருவார் என்றால், முன்னணி வீரர்களுக்குச் செய்வதுபோல் எங்கள் புட்டிகளையும் மேசையில் வைக்க அனுமதியுங்கள். அடுத்த பந்தயத்துக்கான பதிவைத் திறக்கும் முன் இதற்கு எழுத்துமூலம் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கட்டணம் கட்டி ஓடும் ஒருவர்