வெள்ளாற்றுக் கொடுவா

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள ஜமாலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். அவர் கையால் சாப்பிட்ட மீன் ஆணத்தை இன்னும் மறக்கவில்லை என்றும் சொல். இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டாள். வனிதாவுக்கு முழங்கால் வலி போவதும் வருவதுமாக இருக்கிறது. நான் அதே லேபில்தான், அதே மீன்களோடுதான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். தென்கிழக்காசியாவில் இருந்து கொடுவாக் குஞ்சு இறக்கித் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார், விலையும் குறைவு, வளர்ச்சியும் வேகம், வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்காதே ஜமால். அரசு அனுமதி, நோய்ச் சோதனை எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதற்கெல்லாம் மேலே எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நாம் பரங்கிப்பேட்டையில் படித்த காலத்தில் கொடுவா என்றால் ஒரே மீன்தான். பாரசீக வளைகுடாவில் இருந்து ஆஸ்திரேலியா வரை ஒரே இனம், லேட்ஸ் கால்காரிஃபர், 1790-ல் பிளாக் பெயர் வைத்தது என்று எழுதி மார்க் வாங்கினோம். அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. 1984-ல் ஜப்பானில் இருப்பது வேறு இனம் என்று பிரித்தார்கள். 2012-ல் இலங்கையின் மேற்குப் பக்கத்தில் ஒன்றும் மியான்மரில் ஒன்றுமாக இரண்டு புதிய இனங்களுக்குப் பெயர் வைத்தார்கள். இலங்கை உனக்கு எவ்வளவு தூரம் என்று நான் சொல்லத் தேவையில்லை. அத்தனை பக்கத்தில், அத்தனை நாளாக, எல்லோரும் பிடித்து விற்றுச் சாப்பிட்ட மீனுக்குள் ஒரு தனி இனம் இருந்திருக்கிறது.

இனம் ஒன்றாகவே இருந்தாலும் அதற்குள் கூட்டங்கள் உண்டு, பெரும்பாலும் தமக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்துகொள்ளும் தனித்தனித் தொகுதிகள். 2016-ல் இங்குள்ள தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வகம் மற்ற நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து கொடுவாவின் முழு மரபணுத் தொகுதியை வெளியிட்டது. அதோடு நிற்காமல், பல கடல்களில் இருந்து எடுத்த 61 மீன்களின் மரபணுவை வரிசைப்படுத்தி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்று கூட்டமாகப் பிரிந்து நின்றது. இந்தியப் பக்கத்து மீன்கள் ஒன்று. தென்கிழக்காசியாவும் பிலிப்பைன்ஸும் ஒன்று. ஆஸ்திரேலியாவும் பாப்புவா நியூகினியும் ஒன்று. இங்கே தேக்கா மார்க்கெட்டில் ஐஸ் மேல் கிடக்கும் கொடுவாவையும் உங்கள் ஏலக்கூடத்தில் கிடக்கும் கொடுவாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உன் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. மரபணுவில் தெளிவாகத் தெரிகிறது.

இது எப்படி வந்தது என்பதற்கான விடையின் ஒரு பகுதி நான் குடியிருக்கும் இந்த மண்ணிலேயே இருக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் கீழே இருந்தது. சிங்கப்பூர் அன்றைக்குத் தீவே இல்லை. மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலப்பரப்பு. அந்த நிலம் இந்தியப் பெருங்கடலுக்கும் தென்சீனக் கடலுக்கும் நடுவே சுவராக நின்றது. அப்படி ஒரு தடவை மட்டும் நடக்கவில்லை, ஒவ்வொரு பனியுகத்திலும் சுவர் எழுந்தது, பிறகு மூழ்கியது. கொடுவா ஆழ்கடலில் நீந்தித் திரிகிற மீன் இல்லை. ஆறும் கழிமுகமும் கரையோரமும்தான் அதன் உலகம். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டமும் அந்தப் பக்கம் ஒரு கூட்டமுமாக வெகுகாலம் தனித்தனியே வாழ்ந்த மீன்கள் வேறுபட்டுப் போகாமல் இருக்குமா? ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான். ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் நடுவே உள்ள டாரஸ் நீரிணை ஒரு காலத்தில் தரையாக இருந்தது. அதற்குக் கிழக்கே உள்ள கொடுவாவும் மேற்கே உள்ள கொடுவாவும் இன்றும் வேறு வேறு.

ஒவ்வொரு கூட்டமும் தன் தண்ணீருக்குப் பழகியது. உங்கள் வெள்ளாறு கோடையில் கிட்டத்தட்ட உப்புக் கழியாகிவிடும், ஐப்பசியில் வெள்ளம் வந்தால் ஒரே வாரத்தில் நல்ல தண்ணீராகிவிடும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி வந்த மீன் அது. நீ வெளி மீனைக் குளத்தில்தான் விடப்போகிறாய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உன் குளத்துக் கரை கழிமுகத்தில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஒரு நல்ல புயல் வந்தால் கரை நிற்குமா என்று யோசித்துப் பார். 2011-ல் யாசி புயல் வடக்கு ஆஸ்திரேலியாவைத் தாக்கியபோது ஹின்சின்புரூக் பக்கம் கடல் கூண்டுகள் உடைந்து பண்ணைக் கொடுவா மொத்தமாக வெளியே போய்விட்டது. அப்புறம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிடிபட்ட மீன்களில் எது பண்ணை மீன், எது ஊர் மீன் என்று மரபணுவை வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். அவர்களால் பிரிக்க முடிந்தது, ஏனென்றால் ஊர் மீன் எப்படி இருக்கும் என்பதற்கு அவர்களிடம் முன்பே பதிவு இருந்தது. வெள்ளாற்றில் அப்படி நடந்தால் எதோடு ஒப்பிடுவாய்?

எனக்கு உன்னிடம் உண்மையில் சொல்ல வேண்டியது இதுதான். அந்தப் பதிவை நீ இப்போதே தொடங்கு.

இதில் காலம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்பாய். மீன் கூட்டங்களைப் பிரித்தறிய 1898-லேயே ஹைன்கே என்ற ஜெர்மானியர் ஹெர்ரிங் மீனின் துடுப்புக் கதிர்களையும் முதுகெலும்புகளையும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நம் பேராசிரியர் நம்மை எண்ண வைத்தாரே, அதே வேலை. ஆனால் அந்த எண்ணிக்கை குஞ்சாக இருந்தபோது தண்ணீர் எவ்வளவு சூடாக இருந்தது என்பதைப் பொறுத்தும் மாறும். இந்த ஆண்டு வெயில் அதிகம் என்றால் அதே தாயின் குஞ்சுக்கும் எலும்பு எண்ணிக்கை வேறாக வரலாம். மரபணு வந்த பிறகு அந்தச் சிக்கல் தீர்ந்தது, இன்னொன்று வந்து சேர்ந்தது. ஒரு பெரிய பெண் கொடுவா ஒரே பருவத்தில் ஒரு கோடிக்கு மேல் முட்டையிடும். அதில் அநேகமாக எல்லாமே அழிந்துபோகும். நிலவும் வெள்ளமும் நீரோட்டமும் சரியாக அமைந்த சில தாய்களின் குஞ்சுகள் மட்டும் ஏராளமாகத் தப்பும். இந்த ஆண்டு வெள்ளாற்றில் அள்ளிய குஞ்சுக்கும் பழவேற்காட்டில் அள்ளிய குஞ்சுக்கும் மரபணுவில் வித்தியாசம் இருந்தால், அவை இரண்டு தனிக் கூட்டங்களா, இல்லை அந்த ஆண்டு இரண்டு இடத்திலும் வேறு வேறு நாலு தாய்கள் ஜெயித்தார்களா? ஒரு வருடத்து மாதிரியை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய ஆய்வகத்தாலும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதே வித்தியாசம் ஆண்டுக்கு ஆண்டு, தலைமுறைக்குத் தலைமுறை நிலைத்து நின்றால்தான் தனிக் கூட்டம் என்று அடித்துச் சொல்லலாம்.

கொடுவா முதலில் ஆணாக இருந்து பிறகு பெண்ணாகிற மீன் என்பதையும் இதோடு சேர்த்துப் பார். பெரிய மீன் என்றாலே தாய். ஏலத்தில் நல்ல விலைக்குப் போவதும் அதுதான். மீன் எண்ணிக்கை நிறைய இருப்பதுபோல் தெரியும்போதே தாய்கள் குறைந்துகொண்டு வரலாம்.

நியூசிலாந்தில் டாஸ்மன் விரிகுடாவில் நடந்த ஒரு வேலையை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். 1950 முதல் அங்கே ஸ்னாப்பர் மீனின் செதில்களைச் சேகரித்து வைத்திருந்தார்கள். வயது பார்ப்பதற்காக எடுத்தது, பார்த்து முடித்ததும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். காய்ந்த செதிலில் இருந்து டிஎன்ஏ எடுக்க முடியும் என்று அன்றைக்கு யாரும் கனவு கண்டிருக்க மாட்டார்கள். பிற்பாடு அந்தப் பழைய செதில்களில் இருந்து டிஎன்ஏ எடுத்து வருட வாரியாகப் பார்த்தபோது, மீன்பிடி பெருகப் பெருக மரபணு வகைமை குறைந்துகொண்டே வந்தது தெரிந்தது. விரிகுடாவில் மீன்கள் லட்சக்கணக்கில் இருந்தபோதும், அடுத்த தலைமுறைக்கு மரபணுவைக் கடத்தியவை என்று கணக்கிட்டால் இருநூறைக்கூடத் தொடவில்லை. 2002-ல் அந்த முடிவு வெளிவந்தது. அதைப் படித்த நாளில் இருந்து ஒரு செதிலைக்கூட நான் கழுவிக் கொட்டியதில்லை.

இங்கே லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பழைய ராஃபிள்ஸ் அருங்காட்சியகச் சேகரிப்பு எல்லாம் இருக்கிறது. கண்ணாடிக் குடுவைகளில் மீன்களைப் பார்க்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் உலகம் முழுவதும் பழைய மீன்களைப் பெரும்பாலும் ஃபார்மலினில் பதப்படுத்தித்தான் வைத்தார்கள். ஃபார்மலின் உருவத்தைக் காப்பாற்றும், டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். கூட்டத்தை அடையாளம் காண்பதற்கு ஒரு காகித உறையில் காய்ந்து கிடக்கும் நாலு செதில், அழகாக முழுசாக இருக்கும் குடுவை மீனைவிடப் பல சமயம் அதிகம் உதவும்.

அதனால் நீ செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. ஏலக்கூடத்துக்குப் போகும்போது வெள்ளாற்று முகத்துவாரத்தில் பிடித்த மீன் என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எடு. பக்கத் துடுப்புக்குப் பின்னால், நடுக்கோட்டுக்குக் கீழே, வழவழப்பைத் துணியால் துடைத்துவிட்டு மழுங்கின கத்தியால் வால் பக்கமிருந்து தலைப் பக்கமாகச் சுரண்டு. நாலைந்து செதில் கையோடு வந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓரம் ஓரமாக நெருக்கமான கோடுகள் தெரியும். நடுவில் வளையம் உருத்தெரியாமல் வெறுமையாக இருந்தால் அது ஒரு முறை விழுந்து மறுபடி முளைத்த செதில், வயது பார்க்க உதவாது, வேறு எடு. காகித உறையில்தான் போட வேண்டும், பிளாஸ்டிக் உறையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். உறை மேல் பென்சிலால் தேதி, இடம், நீளம், எடை, ஆணா பெண்ணா, பிடித்த வலை எது என்று எழுது. பேனா மை காலப்போக்கில் அழிந்துவிடும். ஒவ்வொரு மீனுக்கும் தனி உறை, தனிக் கத்தித் துடைப்பு. ஒன்றின் சளி இன்னொன்றில் ஒட்டினால் இரண்டுமே வீண். வால் துடுப்பின் நுனியில் நகக்கண் அளவு வெட்டித் தூய ஆல்கஹாலில் போட்டு வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. கல்லூரி லேபில் கேட்டால் கொடுப்பார்கள்.

தலை மீந்தால் காதுக்கல்லையும் எடு. செவுளைத் திறந்து மூளைக்கு அடியில் கீறினால் இரண்டு பக்கமும் கிடைக்கும். படகு மாதிரி வடிவம், உள்பக்கம் ஒரு பள்ளம். மீன் வளர வளர அதன் மேல் சுண்ணாம்பு படலம் படலமாகப் படியும். கடலில் இருந்த காலத்துப் படலத்தில் ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமம் அதிகம், ஆற்றில் இருந்த காலத்துப் படலத்தில் குறைவு. ஒரே கல்லை வெட்டிப் பார்த்து அந்த மீன் எந்த வயதில் ஆற்றில் இருந்தது, எப்போது கடலுக்குப் போனது என்று படித்துவிடலாம். மரபணு ஒரு மீனின் பரம்பரையைச் சொல்லும், காதுக்கல் அது நடந்த வழியைச் சொல்லும். இரண்டும் சேர்ந்தால்தான் கூட்டம் முழுதாகப் பிடிபடும்.

எனக்கு இங்கே வெகுநாளாக ஒரு ஆசை. சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் ஜொகூர் பாலம் 1924-ல் திறந்தது. பாலம் என்கிறோமே தவிர, அது கல்லைக் கொட்டி நீரிணையை அடைத்த கரை. கிழக்குத் தண்ணீரும் மேற்குத் தண்ணீரும் அன்றிலிருந்து அங்கே தடையில்லாமல் கலப்பதில்லை. உட்லண்ட்ஸ் கரையில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அதே எண்ணம்தான். நூறு ஆண்டு என்பது கரையோர மீனுக்குப் பல தலைமுறை. பாலம் கட்டும் முன் இரு பக்கத்திலும் யாராவது செதில் எடுத்து வைத்திருந்தால், ஒரு கரை ஒரு மீன் கூட்டத்தை இரண்டாக்குவதைப் படிப்படியாகப் பார்த்திருக்கலாம். எனக்குத் தெரிந்து அப்படி ஒரு உறைகூட இல்லை. இப்போது இந்த நீரிணை முழுக்கக் கூண்டுப் பண்ணைகள், கூண்டில் இருந்து நழுவும் மீனும் கலந்துவிட்டது. இங்கே அந்தக் கேள்வியைக் கேட்கும் காலம் போய்விட்டது. வெள்ளாற்றில் போகவில்லை.

உறைகளை எனக்கு அனுப்பாதே. உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி அனுமதி இல்லாமல் மாதிரிகளை நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது, அனுப்பவும் வேண்டாம். அது உங்கள் ஊர்ச் சொத்து. நம் கடல் உயிரியல் மையம் உன் வீட்டுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, வருடம் முடிந்ததும் அங்கே கொண்டுபோய்க் கொடு. வாங்க ஆள் இல்லை என்றால் உன் வீட்டு மர அலமாரியிலேயே ஈரம் படாமல் இருக்கட்டும்.

குஞ்சுக்கு என்ன வழி என்று கேட்பாய். சென்னையில் உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-லேயே கொடுவாவை அடைத்து வைத்து முட்டையிட வைத்துவிட்டது. சீர்காழிப் பக்கம் திருமுல்லைவாசலிலும் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி இருக்கிறது. நம் கடற்கரையில் பிடித்த தாய்மீனின் குஞ்சா என்று மட்டும் கேட்டு வாங்கு. கொஞ்சம் மெதுவாக வளர்ந்தாலும் பரவாயில்லை. வெளி மீனோடு வெளி நோயும் வரும். செதில் உதிர்ந்து சாகும் நோய் ஒன்று இந்தப் பக்கத்துப் பண்ணைகளை எவ்வளவு வாட்டுகிறது என்பதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

என் தங்கை மகன் தை மாதம் சிதம்பரம் வருகிறான். நல்ல கெட்டியான காகித உறைகளும் ஒரு அளவுகோலும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன், போய் வாங்கிக்கொள். தரகருக்கு என்ன பதில் சொன்னாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது. உம்மாவுக்கும் லாத்தாவுக்கும் என் அன்பு.

உன்,
இளங்கோ