சிறுதொழிலுக்கு உரிய பணம் உரிய காலத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு,

இளைஞர்கள் தொழில் தொடங்க ஏற்ற சூழல் வேண்டும் என்று வலியுறுத்திய தங்கள் தலையங்கம் கடனையும் மானியத்தையும் விரிவாகப் பேசியது. ஆனால், முடித்துக் கொடுத்த வேலைக்குப் பணம் காலத்தில் வந்து சேராத நிலையைக் குறிப்பிடவில்லை. தொடங்கிய தொழில் மூடப்படுவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம் என்பது என் உறுதியான கருத்து. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை, எழுத்துபூர்வ ஒப்பந்தத்தில் அதிகக் காலம் குறித்திருந்தாலும் 45 நாட்களுக்குள் தந்துவிட வேண்டும் என்றும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும் என்றும் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. பேரணாம்பட்டில் காலணியின் மேல்பகுதி தைத்துக் கொடுக்கும் சிறு யூனிட் நடத்தும் என் தம்பிக்கு, ஒரு பெரிய நிறுவனம் பில் பணத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தது. சனிக்கிழமைக் கூலி கொடுக்க அவர் வெளியில் வட்டிக்கு வாங்கினார். புகார் செய்தால் அடுத்த ஆர்டர் வராது என்பதால், சட்டம் தெரிந்திருந்தும் பேசாமல் இருந்தார்.

ஆகவே, அச்சட்டத்தின்கீழ் இத்தகைய புகார்களை விசாரிக்கும் மன்றம், தோல் தொழிலை நம்பியிருக்கும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் மாவட்டத் தொழில் மையத்திலேயே மாதம் ஒருமுறை அமர வேண்டும். பாதிக்கப்பட்டவர் தனியாக முன்வரத் தயங்கும்போது, அவர் சார்பில் தொழிற்சங்கமோ உற்பத்தியாளர் சங்கமோ புகார் அளிக்கவும் அரசு வழிசெய்ய வேண்டும்.

– வாசகர், குடியாத்தம்