செந்திலுக்கு: அந்த பி7 கைத்துப்பாக்கியால் சுடலாமா, பூட்டி வைக்கலாமா?

அன்புள்ள செந்தில்,

உன் பழைய ஜெர்மன் பி7-இன் படங்களை அனுப்பி, சுடலாமா என்று கேட்டிருந்தாய்; எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். சுடு, ஆனால் எண்ணிச் சுடு. அதுதான் என் பதில். காரணத்தையும் சொல்கிறேன்.

ஸ்லைடின், அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தின், பக்கத்தில் மான்கொம்பு முத்திரையும், அதை ஒட்டி ஐ, இ என்று இரண்டு எழுத்துகளும் இருக்கின்றன. மான்கொம்பு என்றால் ஜெர்மனியின் ஊல்ம் நகரத் துப்பாக்கிச் சோதனைச்சாலை. எழுத்துகள் ஆண்டைக் குறிக்கும்: ஏ என்றால் 0, பி என்றால் 1, இப்படியே போய் ஐ 8, ஜே-வை விட்டுவிட்டு கே 9. ஆக, உன்னுடையது 1984-இல் சோதிக்கப்பட்டது. மேகசினின், அதாவது தோட்டா அடுக்கும் கூட்டின், பூட்டு பிடியின் அடியில் இருப்பதால் இது பி7-இல் பிஎஸ்பி என்ற வகை, பி7எம்8 என்ற வகை அல்ல. மேகசின் வாங்கும்போது இதை மறக்காதே. மியூனிக் ஒலிம்பிக் படுகொலைக்குப் பிறகு, 1970-களில் மேற்கு ஜெர்மன் போலீஸ் புதுக் கைத்துப்பாக்கி தேடியபோது தேர்வான மூன்றில் இதுவும் ஒன்று. மற்றவை வால்தர் பி5, சிக் பி6.

எதைப் பூட்டி வைக்க வேண்டும் தெரியுமா? பெட்டி, காகிதங்கள், தொழிற்சாலைச் சோதனை இலக்கு எல்லாம் கூடவே இருந்து, ஸ்லைடின் முனையில் ஒரு கீறல்கூட இல்லாததை. அதில் முதல் தோட்டாவைச் சுட்ட அன்றே விலை இறங்கிவிடும். உன்னுடையதில் குழல்முனையைச் சுற்றிக் கறுப்பு போய் வெள்ளி தெரிகிறது, பிடியின் முன்பக்க லீவரின் விளிம்பும் தேய்ந்து மினுங்குகிறது. போலீஸ்காரரின் ஹோல்ஸ்டரில் ஆண்டுக்கணக்காக ஏறி இறங்கியதன் அடையாளம் அது. அந்த விலை எப்போதோ போய்விட்டது. இனி நீ சில நூறு தோட்டா சுடுவதால் குறையப்போவது எதுவும் இல்லை. ஆனால் தேய்ந்த இடத்துக்குப் புதுக் கறுப்பு ஏற்றினால், பாலிஷ் போட்டால், பிடித் தகடுகளை மாற்றினால் நிச்சயம் குறையும். தயவுசெய்து அதில் கை வைக்காதே. ஸ்லைடிலும் அடிச்சட்டமான ஃபிரேமிலும் உள்ள எண்கள் ஒன்றா என்று மட்டும் பார்த்துக்கொள்.

எண்ணிச் சுடு என்று நான் சொல்வதற்குக் காரணம் உதிரிபாகம். தயாரிப்பு 2008-ஓடு நின்றுவிட்டது. ஸ்பிரிங் தேடினால் கிடைக்கும். பிடியின் லீவரை அழுத்தினால், தோட்டாவின் அடியைத் தட்டும் ஊசியான ஃபயரிங் பின்னை ஏற்றும் அந்த அமைப்பில் ஏதாவது உடைந்தால், அதைத் திறந்து சரிசெய்யத் தெரிந்த ஆள் கிடைப்பதே அரிது. ஒரு தடவைக்கு 50 தோட்டா, வருஷத்துக்கு 300. இது என் கணக்கு.

இன்னொரு காரணம் சூடு. இதில் குழல் ஃபிரேமோடு அசையாமல் நிற்கும். சுடும்போது வாயுவில் கொஞ்சம், தோட்டா உட்காரும் சேம்பருக்கு முன்னால் உள்ள சிறு துளை வழியாகக் குழலுக்கு அடியில் இருக்கும் சிலிண்டருக்குள் போகும். ஸ்லைடின் முன்னால் தொங்கும் பிஸ்டனை அந்த அழுத்தம் பிடித்து நிறுத்துவதால், ஸ்லைடு கொஞ்சம் தாமதமாகத்தான் பின்னால் வரும். அந்தச் சிலிண்டர் ட்ரிகருக்கு நேர் மேலே இருக்கிறது. பி7எம்8-இல் வெப்பத் தடுப்பு உண்டு, பிஎஸ்பி-யில் இல்லை. தொடர்ந்து சில மேகசின் காலியானாலே விரலில் சூடு உறைக்கும். உறைத்தால் கீழே வைத்து ஆறவிடு.

வெறும் ஈயக் குண்டு இதில் கூடவே கூடாது. ஈயம் அந்தத் துளையிலும் சிலிண்டரிலும் படிந்துவிடும். செம்பு உறையிட்ட, 115 அல்லது 124 கிரெயின் எடையுள்ள குண்டு, சாதாரண அழுத்தம் போதும். +பி என்ற அதிக அழுத்தத் தோட்டா வேண்டாம்.

ரேஞ்சுக்குப் போகும் முன்: மேகசினைக் கழற்று, ஸ்லைடை இழு, சேம்பரைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார். ஃபிரேமின் பின்பக்கம் இடதுபுறம் உள்ள பொத்தானை அழுத்தி, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துப் பின்முனையைத் தூக்கினால் கழன்று முன்னால் வரும். குழலுக்குள் விளக்கடித்து வளையம் போல் நிழல் தெரிகிறதா என்று பார். தெரிந்தால் குழல் வீங்கியிருக்கிறது, சுடாதே. பிஸ்டன் தடையில்லாமல் சிலிண்டருக்குள் போய்வர வேண்டும். கரி இறுகியிருந்தால் ஸ்லைடு முழுதாக மூடாது. கரைப்பானில் ஊறவைத்து, சிலிண்டர் அளவு பிரஷால் சுரண்டி எடு. ஃபயரிங் பின் வழியில் எண்ணெய் விடாதே. பழைய எண்ணெய் பிசினாகி, அடி லேசாக விழுவதற்கு அதுவே காரணம். ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை மட்டும் கேள்வியில்லாமல் புதிதாக மாற்று. பழையதை உறையில் போட்டு வை, அது துப்பாக்கியோடு சேர்ந்த பொருள்.

திரும்பப் பூட்டிய பின் வெறுமையாகவே பிடியை அழுத்திப் பார். ஸ்லைடின் பின்னால் ஃபயரிங் பின்னின் முனை வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். விட்டதும் உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் தோட்டாவே போடாதே. ஒன்று நினைவிருக்கட்டும்: ட்ரிகரை முதலில் இழுத்துக்கொண்டு பிறகு பிடியை அழுத்தினாலும் இது வெடிக்கும். இலக்கைப் பார்க்கும்வரை விரல் வெளியேதான் இருக்க வேண்டும்.

முதல் மேகசினில் ஒரே ஒரு தோட்டா. அடுத்ததில் இரண்டு. ஒரு இழுப்புக்கு இரண்டு வெடித்தால் அங்கேயே நிறுத்து. சுட்டபின் வெளியே விழும் வெற்றுத் தோட்டாக் கூட்டின் மேல் நீளவாக்கில் கரிக்கோடுகள் இருந்தால் பயப்படாதே. சேம்பரில் பள்ளங்கள் வெட்டியிருப்பதால் அப்படித்தான் வரும்.

சுடாத நாட்களில்தான் ஹூஸ்டனின் ஈரக் காற்று வேலையைக் காட்டும். தோல் ஹோல்ஸ்டரில் வைத்துவிட்டு மறந்துபோகாதே, தோலில் உள்ள உப்பும் அமிலமும் துருவாகும். நுரைப்பஞ்சுப் பெட்டியும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். விரல்ரேகையைத் துடைத்து, வெளிப்பக்கம் மெல்லிய மெழுகுப் பூச்சு. பெட்டகத்துக்குள் ஈரமானி வை. முள் 50 சதவீதத்தைத் தாண்டினால் சிலிக்கா ஜெல்லைக் காயவைத்துப் போடு. மாதம் ஒருமுறை கையில் எடுத்துப் பார்.

முதல் நாள் சுட்ட வெற்றுத் தோட்டாக் கூடுகளின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. ஃபயரிங் பின் தட்டும் தீமூட்டியான பிரைமரில் குழி நடுவில் விழுந்திருக்கிறதா, ஓரத்திலா என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா